கப்பலில் எங்கே ஓட்டை போடலாம்?

சரக்குக் கப்பலின் அடிவயிற்றில் டபுள் பாட்டம் என்றொரு பகுதி இருக்கிறது. கடல்நீரைத் தொடும் வெளித்தகட்டுக்கும் சரக்கு உட்காரும் டேங்க் டாப் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. பெரிய கப்பல்களில் ஓர் ஆள் குனிந்து நிற்கலாம். சிறியவற்றில் முட்டியும் முழங்கையும் தேய ஊர்ந்துதான் போக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஓட்டைகள். குறுக்கே நிற்கும் ஒவ்வொரு தகட்டிலும் ஆள் நுழையும் அளவுக்கு முட்டை வடிவில் ஒன்று. அந்தத் தகட்டின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் சின்னச் சின்ன அரைவட்டங்கள். நெடுக்குச் சட்டங்கள் ஊடுருவிப் போகும் இடமெல்லாம் வெட்டுகள். தண்ணீர் புகக்கூடாது என்பதற்காகவே கட்டிய ஒன்றுக்குள் இத்தனை ஓட்டைகளா என்று முதல்முறை இறங்குகிறவர் மலைத்துப்போவார்.

மரைன் இன்ஜினியரிங் படிக்கச் சேரும் பிள்ளைகளின் மனதில் இருப்பது மூன்று மாடி உயர டீசல் இன்ஜின். சென்னையில் சேர்ந்தாலும் கொல்கத்தாவில் சேர்ந்தாலும், இடையில் ஷிப் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற பாடம் வந்து குறுக்கே நிற்கும். ரீட்ஸ் வரிசையில் ஸ்டோக்கோ எழுதிய புத்தகமும், அயர்ஸ் எழுதிய தடித்த புத்தகமும் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் படம். தேர்வில் ‘வாட்டர்டைட் ஃப்ளோர் வரைக’, ‘ஸ்டெர்ன் ஃப்ரேம் வரைக’ என்று கேட்பார்கள். வரைந்து, அம்புக்குறி போட்டு, பெயர் எழுதினால் மார்க். இன்ஜின் ஓட்டப்போகிறவனுக்கு விலாச்சட்டம் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே பெரும்பாலோர் இதை மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்துக்குள் போனால் அத்தனை படமும் வாய் திறக்கும் என்பது என் கட்சி. இந்த இடத்தில் ஓட்டை போடலாமா, கூடாதா?

கப்பல் வளையும். பாடம் இங்கிருந்து தொடங்குகிறது. இருநூறு மீட்டர் நீளப் பெட்டி ஒன்று தண்ணீரில் மிதக்கும்போது, எடை ஓரிடத்தில் குவிந்திருக்கும். தண்ணீர் தரும் தாங்கல் வேறோரிடத்தில் கூடுதலாக இருக்கும். பின்பக்கம் இன்ஜின் ரூம் கனக்கும். நடுவில் ஒரு ஹோல்ட், அதாவது சரக்கறை, காலியாகக் கிடக்கும். முன்முனையான அணியம் கூர்மையாக ஒடுங்குவதால் அங்கே தாங்கல் குறையும். துறைமுகத்தில் சும்மா நிற்கும்போதே கணக்கு இப்படி ஏறுமாறாக இருக்க, நடுக்கடலில் அலையும் சேர்ந்துகொள்கிறது. கப்பலின் நீளத்துக்குச் சமமான அலை வந்து, அதன் முகடு நடுவில் நின்றால் இரு முனைகளும் தொய்ந்து நடு மேலே எழும்பும். இதை ஹாகிங் என்பார்கள். முகடுகள் இரு முனைகளுக்கும் நகர்ந்துவிட்டால் நடுவயிறு தொங்கும்; இது சாகிங். இருபது, இருபத்தைந்து வருட ஆயுளில் ஒரு கப்பல் பல கோடி முறை இப்படி வளைந்து நிமிர்கிறது.

ஒரு நீள அழிரப்பரின் பக்கவாட்டில் செங்குத்தாக ஐந்தாறு கோடு போட்டு, வளைத்துப் பாருங்கள். மேலே கோடுகள் விலகும், கீழே நெருங்கும், நடுவில் இடைவெளி மாறவே மாறாது. கப்பலுக்கும் அதே கதைதான். ஹாகிங்கில் மேல்தளம் இழுபடும், அடித்தகடு நசுங்கும், சாகிங்கில் தலைகீழ். இழுவையும் நசுக்கலும் உச்சியிலும் அடியிலும்தான் அதிகம். இடையில் ஓர் உயரத்தில் இரண்டுமே இல்லை. நியூட்ரல் ஆக்சிஸ் எனும் அந்தக் கற்பனைக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி. மேல்தளத்தின் ஓரம், அதோடு சேரும் பக்கத்தகட்டின் உச்சி வரிசையான ஷியர் ஸ்ட்ரேக், கீழே கீல் எனப்படும் ஏராவும் அதை ஒட்டிய தகடுகளும் கப்பலின் உயிர்நாடி. அங்கெல்லாம் தகடு தடித்திருக்கும், எஃகின் தரம் கூடியிருக்கும், ஓட்டை போடக் கை நடுங்கும்.

வளைவு என்பது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. அதற்குப் பண மதிப்பும் உண்டு. நிலக்கரி ஏற்றி முடிந்ததும் சீஃப் ஆபீசரும் சர்வேயரும் கப்பலைச் சுற்றிவந்து முன், நடு, பின் என இரு பக்கமும் ஆறு இடங்களில், கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் டிராஃப்ட் எண்களைப் படிப்பார்கள். முன்னே 9.00 மீட்டர், பின்னே 9.40 மீட்டர் என்றால் நடுவில் 9.20 இருக்க வேண்டும். 9.28 இருக்கிறதென்றால் கப்பல் நடுவில் 8 சென்டிமீட்டர் தொங்குகிறது. இதற்கென்றே ஒரு வாய்ப்பாடு உண்டு: நடு அளவை ஆறு மடங்காக்கி, முன் பின் அளவுகளோடு கூட்டி, எட்டால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் 9.26 வரும். 9.20 என்று எழுதுவதற்கும் 9.26 என்று எழுதுவதற்கும் 6 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரு சென்டிமீட்டர் அமிழ 50 டன் பிடிக்கும் கப்பலில் அது 300 டன் நிலக்கரி. எஃகு வளைவதைக் கணக்கில் எடுக்காமல் பில் போட்டால் விற்றவரோ வாங்கியவரோ கையைச் சுட்டுக்கொள்வார்.

டபுள் பாட்டத்துக்குத் திரும்புவோம். குறுக்கே நிற்கும் தகடுகளுக்கு ஃப்ளோர் என்று பெயர். ஒவ்வொரு ஃப்ளோரும் கப்பலின் அகலத்துக்குப் போட்ட உத்தரம். மேல்விளிம்பு டேங்க் டாப்போடும் கீழ்விளிம்பு வெளித்தகட்டோடும் வெல்டாகி இருப்பதால், வளைவைத் தாங்கும் வேலை அந்த இரண்டு விளிம்புகளுக்கும் போய்விடுகிறது. நடு உயரத்தில் வெட்டி எடுத்தால் எடை குறையும், ஆள் போய்வரலாம், பலம் பெரிதாகக் குறையாது. அதற்காக நடுப்பகுதி சும்மா இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றையொன்று வழுக்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் பொறுப்பு. ஷியர் எனப்படும் அந்த விசை உத்தரத்தின் முனைகளில் உச்சத்தில் இருக்கும். ஆகவே பக்கச்சுவரை நெருங்க நெருங்க ஓட்டைகள் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் காணாமல் போகும். நூற்றுக்கணக்கான டன் எடையோடு அதிரும் மெயின் இன்ஜினுக்கு அடியில், மற்ற இடங்களைப்போல் மூன்று நான்கு ஃப்ரேமுக்கு (விலாச்சட்டத்துக்கு) ஒரு ஃப்ளோர் என்ற சிக்கனமெல்லாம் கிடையாது. ஃப்ரேமுக்கு ஃப்ளோர் நிற்கும்.

ஃப்ளோரின் விளிம்புகளில் இருக்கும் அரைவட்டங்கள் பலத்தைப் பற்றியவை அல்ல. கப்பலை நிலைப்படுத்த ஏற்றும் பல்லாஸ்ட் நீரை நிரப்பும்போது உச்சி மூலைகளில் காற்று மாட்டிக்கொள்ளாமல் ஏர் பைப் வரை நகர்ந்து போக மேல் அரைவட்டம். வெளியேற்றும்போது கடைசித் தண்ணீர் உறிஞ்சுவாய் வரை வழிந்து வரக் கீழ் அரைவட்டம். சேறும் துருவும் கீழ்த் துளையை அடைத்துவிட்டால் பம்ப் காற்றை விழுங்கிக் கத்தும். டேங்கில் ஒரு சாண் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். பம்பைக் கழற்றி மாட்டி மாட்டி அலுத்துப்போன ஜூனியர் இன்ஜினியருக்கு, குற்றவாளி நாற்பது மீட்டர் தள்ளி ஒரு ஃப்ளோரின் அடியில் இருக்கக்கூடும் என்று சொல்லித் தருவது இந்தப் பாடம்தான். ஏர் பைப்பின் குறுக்குப்பரப்பு, நிரப்பும் குழாயினுடையதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதே குடும்பம். தண்ணீர் போகும் வேகத்துக்குக் காற்று வெளியேறாவிட்டால் டேங்க் உப்பிவிடும். தகடு புடைத்துக்கொண்ட கப்பல்கள் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, நாடாவில் கட்டிய பித்தளைக் குண்டைச் சவுண்டிங் பைப்புக்குள் இறக்குவார்கள். தினமும், வருடக்கணக்கில், அதே குண்டு அதே இடத்தில் ‘டங்’ என்று போய் இடிக்கும். அந்த இடத்தில் வண்ணப்பூச்சு பெயரும், துரு பிடிக்கும், மறுபடி இடிபடும். விட்டுவைத்தால் ஒரு நாள் அளவு பார்க்கும் வேலையே அடித்தகட்டைத் துளைத்துவிடும். அதனால் ஒவ்வொரு சவுண்டிங் பைப்பின் நேர்கீழேயும் ஒரு சின்னத் தகட்டை முன்கூட்டியே பற்றவைத்திருப்பார்கள். அந்தத் தகடு எதற்கு என்பது வாய்மொழித் தேர்வில் பல்லிளிக்க வைக்கும் கேள்வி.

எங்கே என்பதற்கு அடுத்து, என்ன வடிவம் என்பது. இழுபடும் தகட்டில் விசை ஒழுங்காக நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஓட்டை வந்தால் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் ஓட்டையின் ஓரத்தில் நெரிசல். வட்ட ஓட்டை என்றால் ஓரத்தில் மூன்று மடங்கு நெரிசல் என்று ஜெர்மானியரான கிர்ஷ் 1898இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்கிலிஸ் 1913இல் அதை முட்டை வடிவத்துக்கு விரித்தார். அகலத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள முட்டையை இழுவையின் திசையிலேயே கிடத்தினால் நெரிசல் இரண்டு மடங்குதான். அதே முட்டையைக் குறுக்கே திருப்பி வைத்தால் ஐந்து மடங்கு. மேல்தள மேன்ஹோல்களின் நீளவாக்கு ஏன் கப்பலின் முன்பின் திசையில் இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மூலை கூர்மையாகக் கூர்மையாக நெரிசல் ஏறிக்கொண்டே போகும். வாய்ப்பாட்டில் அதற்கு எல்லையே கிடையாது. இங்கிலிஸ் இந்தக் கட்டுரையை வாசித்தது பிரிட்டனின் கப்பல் வடிவமைப்பாளர்கள் சங்கத்தில். அதாவது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் காதிலேயே சொன்னார்.

முப்பது வருடம் கழித்தும் அமெரிக்கக் கப்பல்களின் மேல்தளத்தில் சரக்கு இறங்கும் வாயான ஹேட்ச்சின் மூலைகள் சதுரமாகவே இருந்தன.

இரண்டாம் உலகப்போர்க் காலம். லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களை அமெரிக்கா 2,710 கட்டித் தள்ளியது. 1942 நவம்பரில் ராபர்ட் இ. பியரி என்ற கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டித் தண்ணீரில் இறக்கிக் காட்டினார்கள். பெரிய பெரிய துண்டுகளாகத் தரையில் செய்து வைத்துக்கொண்டு, ரிவெட் அடிக்காமல் வெல்டிங் செய்து ஒட்டியதால் வந்த வேகம் அது. 1943 ஜனவரி 16 இரவு, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது டேங்கர் கடல் சோதனை முடிந்து கட்டுமானத் துறையில் கட்டிக் கிடந்தது. புயலும் இல்லை, அலையும் இல்லை; குளிர் மட்டும் கடுமை. திடீரென்று பெருஞ்சத்தம். மேல்தளமும் இரு பக்கங்களும் ஒரே நேரத்தில் பிளந்து, அடித்தகடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, நடு மேலே தூக்கி, இரு முனைகளும் ஆற்றடியில் போய்க் குந்திக்கொண்டன. கரையில் கட்டியிருந்த கப்பல் தானாக ஒடிந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்?

முதலில் வெல்டர்கள் மேல் பழி விழுந்தது. மோசமான வெல்டிங் இருந்தது உண்மை. ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் எஃகையே சோதித்துப் பார்த்தார். அன்றைய கப்பல் எஃகு சாதாரண வெப்பத்தில் இழுத்தால் நீளும். குறிப்பிட்ட அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் நீளாது, சட்டென்று உடையும் என்று காட்டினார். ஆக, நெரிசலுக்கு ஒரு மூலை, தொடக்கத்துக்கு ஒரு வெல்டிங் குறை, ஓடுவதற்குக் குளிர்ந்த எஃகு என்று மூன்றும் கூடிவிட்டால் விரிசலை நிறுத்த ஆளில்லை. ரிவெட் கப்பலில் ஒரு தகட்டில் புறப்பட்ட விரிசல் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். அடுத்த தகடு தனி. வெல்டிங் செய்த கப்பல் முழுவதும் ஒரே தகடு. மருந்தும் அதிலிருந்தே வந்தது. ஹேட்ச் மூலைகளை வளைவாக்கினார்கள். மேல்தளத்தின் ஓரத்தில் நீளவாக்கில் வேண்டுமென்றே வெட்டி, அந்த வெட்டின் மேல் ரிவெட் அடித்த பட்டையைப் போட்டார்கள். கப்பலைக் காப்பாற்றக் கப்பலை வெட்டிய வைத்தியம்!

இன்றைய மாணவர் நெட்டுரு போடும் ஏ, பி, டி, இ என்ற எஃகுத் தரங்கள் அந்தக் குளிர் இரவுகளின் பேரப்பிள்ளைகள். நான்குக்கும் இழுவைத் தாங்கும் திறன் ஒன்றுதான். குளிரில் அடி தாங்குவதில்தான் வேறுபாடு: பி தரத்தைச் சுழியம் டிகிரியில் சம்மட்டியால் சோதிப்பார்கள், டி தரத்தை மைனஸ் 20இல், இ தரத்தை மைனஸ் 40இல். ஷியர் ஸ்ட்ரேக் போன்ற இடங்களுக்கு மேல்தரம் போவது ஏன் என்று இப்போது சொல்லத் தேவையில்லை. கடலில் தளத்தில் விரிசல் ஒன்றைக் கண்டுவிட்டால், கரை சேரும் வரை அதை நிறுத்திவைக்க இன்ஜினியர் கையாளும் உபாயம், அதன் நுனியைத் தேடிப் பிடித்து அங்கே டிரில்லால் வட்டத்துளை போடுவது. ஊசிமுனை நுனி வட்டமாகிவிடுவதால் நெரிசல் மளமளவென்று இறங்கும். நுனி எது என்பதில்தான் சூட்சுமம். கண்ணுக்குத் தெரியும் விரிசல் முடிந்த பிறகும் அது கொஞ்சம் ஓடியிருக்கும். சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து, எதுவரை கசிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் டிரில்லை வைக்க வேண்டும்.

ஓட்டையே மேல்தளம் என்றாகிவிட்ட கப்பலும் இருக்கிறது. கன்டெய்னர் கப்பல். பெட்டிகளை நேர்கீழே இறக்க வேண்டுமென்பதால் ஹேட்ச் வாய் கிட்டத்தட்ட கப்பலின் முழு அகலத்துக்கும் திறந்திருக்கும். தளமாக மிஞ்சுவது இரு ஓரங்களிலும் ஒடுங்கிய இரண்டு பட்டைகள். கப்பலின் மேல்பாதிப் பலம் முழுவதும் அந்தப் பட்டைகளில் அடங்க வேண்டியிருப்பதால், பெரிய கப்பல்களில் அங்கே 50 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த தகடு போடுகிறார்கள். வளைவோடு முறுக்கலும் சேர்ந்துகொள்ளும். அலை சாய்வாக வரும்போது திறந்த பெட்டி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது மேல் ஓரத்தில் நெடுக ஓடும் மூடிய பெட்டி போன்ற அமைப்பு. அதற்குள்தான் ஆட்கள் மழை நனையாமல் முன்னும் பின்னும் நடந்துபோகும் பாதையும், கேபிள்களும், குழாய்களும். நடைபாதை என்று நினைத்துக்கொண்டு ஒரு பிராக்கெட் மாட்ட அங்கே துளை போட எண்ணுகிறவர், கப்பலின் முதுகெலும்பில் கைவைக்கிறார்.

2013 ஜூன் 17 அன்று எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கன்டெய்னர் கப்பல், சிங்கப்பூரிலிருந்து ஜெட்டா போகும் வழியில், ஏமன் கரைக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் நடுவில் முறிந்தது. 2008இல் கட்டிய கப்பல், ஐந்தே வயது. 26 பேரும் பிழைத்தார்கள். இரண்டு துண்டுகளும் தனித்தனியே மிதந்து, நாள்கள் கழித்து மூழ்கின. அத்தனை பேரும் திறந்த மேல்தளத்தைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் முறிவு தொடங்கியது அடியில். கன்டெய்னர் கப்பல் சாதாரணமாகவே ஹாகிங் நிலையில்தான் மிதக்கும். அடித்தகடு எப்போதும் நசுக்கத்தில். இதே ரகத்தைச் சேர்ந்த மற்றக் கப்பல்களின் டபுள் பாட்டத்தை ஆராய்ந்தபோது, அடித்தகட்டில் சுமார் 20 மில்லிமீட்டர் உயரத்துக்குப் புடைப்புகள் தென்பட்டன. தகடு கிழியவில்லை, ஓட்டை விழவில்லை, மடியத் தொடங்கியிருந்தது. அந்தக் கப்பல்களுக்கு அவசரமாகப் பலம் கூட்டினார்கள். 2015இல், கப்பல் கட்டுமானத்துக்கு விதி வகுத்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்கள் கன்டெய்னர் கப்பல்களின் பலத்துக்குப் புது விதிகள் வகுத்தன. டபுள் பாட்டத்தில் ஊர்கிறவர் தகட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கப் பழகினால் இப்படிப்பட்ட அலைவுகள் நிழலாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் எல்லாத் தகடும் சமம்தான்.

நீர்மட்டத்துக்குக் கீழே தெரிந்தே போட்ட ஓட்டைகளில் இன்ஜின் ரூம்காரர்களின் சொத்து என்று சொல்லத்தக்கது ஸ்டெர்ன் டியூப். சுழலும் ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியே போய் புரொபெல்லரைப் பிடிக்கும் வழி. ஷாஃப்ட் சுழல வேண்டும், தண்ணீர் வரக்கூடாது, எண்ணெய் கடலுக்குப் போகக்கூடாது. ஆரம்ப நாள்களில் உலோகத்தின்மேல் உலோகம் உராய்ந்து சில பயணங்களில் தேய்ந்துபோனது. 1854இல் ஜான் பென் லிக்னம் வைட்டே என்ற, பிசின் கசியும் கெட்டி மரத்தைப் பேரிங்காகப் போட்டுக் காப்புரிமை எடுத்தார். கடல்நீரே அதற்கு மசகு. நூறு வருடத்துக்கு மேல் அந்த மரம் ஓடியது. இப்போது பெரும்பாலும் எண்ணெயில் ஊறும் வெண்ணுலோகம்.

அந்த ஓட்டையை நேராகத் துளைப்பதில்தான் கப்பல் கட்டுமானமும் இன்ஜின் தொழிலும் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. எதற்கு நேர்? கப்பல் அசையாப் பொருளாக இருந்தால் சிக்கலில்லை. கட்டுமானத் தளத்தில் நிற்கும்போது காலை வெயில் மேல்தளத்தில் விழும். அடிப்பகுதி நிழலில் குளிர்ந்திருக்கும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு நீளும். 200 மீட்டர் தளம் அடியைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடையில்லாமல் விட்டால் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். அடி நீளவில்லை. விளைவு, தரையில் நிற்கும் கப்பலே வெயிலுக்கு வளைகிறது. ஷாஃப்ட் வரிசையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது பெரும் கூத்து. அதனால் நேர்க்கோடு பார்க்கும் வேலையை இரவிலோ விடியலுக்கு முன்போ வைத்துக்கொள்வார்கள். முன்பு பியானோ கம்பியை இழுத்துக் கட்டினார்கள், இப்போது லேசர். பின்பகுதியில் பெரிய வெல்டிங் வேலைகள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் சுருக்கம் வந்து கோட்டைத் திருப்பும்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்ட நேர்க்கோட்டிலேயே துளைக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. பல பத்து டன் புரொபெல்லர் முனையில் தொங்கும்போது ஷாஃப்ட் கீழ்நோக்கித் தொய்யும். நேராகத் துளைத்த பேரிங்கின் பின்விளிம்பு மட்டும் எடை தாங்கிக் கருகிவிடும். தொய்வைக் கணக்கிட்டு அதே சரிவில் துளையைச் சாய்த்துப் போடுகிறார்கள். பிறகு கப்பல் தண்ணீரில் இறங்கும், சரக்கு ஏறும், இன்ஜின் சூடாகும். ஒவ்வொன்றுக்கும் அடித்தளம் கொஞ்சம் உருமாறும், பேரிங்குகளுக்கிடையே எடை கைமாறும். மிதக்கும் நிலையில் ஷாஃப்டை ஜாக்கியால் தூக்கி, எந்தப் பேரிங் எவ்வளவு சுமக்கிறது என்று மறுபடி அளப்பது அதற்காகத்தான். நடுக்கடலில் ஒரு பேரிங் சூடாகிறது என்றால், எண்ணெயைப் பார்த்த கையோடு பல்லாஸ்ட் எந்த டேங்கில் எப்போது மாறியது என்றும் கேட்கத் தெரிந்தவர் நல்ல இன்ஜினியர்.

ஓட்டையே கூடாத இடம் ஒன்று உண்டு. அணியத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் கொலிஷன் பல்க்ஹெட். எதிலாவது மோதி மூக்கு உடைந்தால் வெள்ளத்தை அங்கேயே நிறுத்தும் சுவர். கப்பல் நீளத்தில் 5 சதவீதம் அல்லது 10 மீட்டர், இரண்டில் எது குறைவோ அதற்கும் முன்னால் அதை வைக்கக்கூடாது. குறுக்குச்சுவர்கள் எட்டும் பல்க்ஹெட் தளத்துக்குக் கீழே அதில் கதவு கிடையாது, மேன்ஹோல் கிடையாது, காற்றுக்குழாய் கிடையாது. முன்முனை டேங்குக்கென்று பொதுவாக ஒரே ஒரு குழாய். அதற்கும் மேலிருந்தே மூடத்தக்க வால்வு. மற்ற பல்க்ஹெட்களில் தேவைக்கேற்ப வழி விடலாம், மூடும் ஏற்பாட்டோடு. டைட்டானிக்கில் அப்படிப்பட்ட குறுக்குச்சுவர்கள் 15 இருந்தும், போதிய உயரம் இல்லாததால் ஓர் அறை நிரம்பித் தண்ணீர் அடுத்ததற்கு வழிந்தது. இன்றைய ஆபத்து அதைவிட அற்பமானது. புதிதாக ஒரு கேமராவோ கணினிக் கேபிளோ போட வருகிற ஒப்பந்தக்காரர், பல்க்ஹெட்டில் டிரில்லால் ஒரு துளை போட்டு, கேபிளை இழுத்து, சிலிக்கான் பசையை அப்பிவிட்டுப் போய்விடுவார். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த அறையில் நாலு மீட்டர் தண்ணீர் நின்றால் அந்தப் பசை எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்க வேண்டியவர் டூட்டியில் இருக்கும் இன்ஜினியர்.

கடைசியாக, வாய்மொழித் தேர்வுக்குத் தோதான ஒரு நடைமுறைச் சூழ்நிலை. பல்லாஸ்ட் நீர் ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, உலகெங்கும் பழைய கப்பல்களில் நீரைச் சுத்திகரிக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். கருவி பெரிது, இன்ஜின் ரூம் கதவுகளில் நுழையாது. டிரை டாக்கில் கப்பலின் பக்கத்தகட்டை வெட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். எங்கே வெட்டுவீர்கள்?

ஷியர் ஸ்ட்ரேக்கைத் தொடக்கூடாது. கீழே வளையும் பில்ஜ் தகட்டையும் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே, வளைவின் இழுவை குறைந்த உயரத்தில், உள்ளே எரிபொருள் டேங்க் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். ஃப்ரேம்கள் பின்னாலிருந்து எண்ணப்படும், தகட்டு வரிசைகள் ஏராவை ஒட்டி ஏ என்று தொடங்கி மேலே போகும். அந்தக் கணக்கில் ‘இன்ன ஃப்ரேமிலிருந்து இன்ன ஃப்ரேம் வரை, இன்ன வரிசை, இடப்பக்கம்’ என்று எழுதி, வகைப்பாட்டுச் சங்கத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். சர்வேயர் முதலில் பார்ப்பது நான்கு மூலைகளும் வளைவாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று. வெட்டிய தகட்டை நெளியாமல் பத்திரமாக வைத்திருந்து, கருவி உள்ளே போனதும் அதே இடத்தில் பொருத்துவார்கள். அக்கம்பக்கத்து ஃப்ரேம்களின் ஒட்டைக் கொஞ்ச தூரம் விடுவித்துவிட்டு, குறுக்கு இணைப்புகளை முதலிலும் நெடுக்கு இணைப்புகளைப் பிறகும் வெல்ட் செய்து, கடைசியில்தான் ஃப்ரேம்களைத் தகட்டோடு பிணைக்க வேண்டும்; வரிசை மாறினால் சுருக்கத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு ஒலியலையால் ஒரு சோதனை. நீர் கசியுமா என்று பார்க்கப் பழைய முறையே இன்றும் பல யார்டுகளில் ஓடுகிறது: வெளிப்பக்க இணைப்பில் சுண்ணாம்பைத் தடவிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெயோ டீசலோ பூசிவிட்டுக் காத்திருப்பார்கள். வெள்ளையில் எங்காவது ஈரக்கறை பூத்தால் அந்த இடத்தை அரைத்தெடுத்து மறுபடி வெல்ட். பூக்கவில்லையென்றால் சர்வேயர் கையெழுத்து.